குடியை நிறுத்திய மூன்றாம் நாள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர், பொது சுகாதாரத் துறை இயக்குநர், மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநர் ஆகியோருக்கு,

வணக்கம்.

கார்த்திகை முதல் தேதி வந்தால் என்ன நடக்கும் என்பது அரசு மருத்துவமனை ஆண்கள் வார்டில் வேலை பார்க்கும் எந்தச் செவிலியருக்கும் தெரியும். மாலை போட்ட இரண்டு மூன்று நாளுக்குள், கறுப்பு வேட்டியோடு, உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டு சிலர் வந்து சேர்வார்கள். சிலருக்கு வழியிலேயே வலிப்பு வந்திருக்கும். வருஷக்கணக்காகத் தினமும் குடித்ததை ஒரே நாளில் நிறுத்தியதைத் தவிர அவர்கள் வேறொன்றும் செய்திருக்க மாட்டார்கள். எதை வேண்டி வீட்டுப் பெண்கள் கோயில் கோயிலாகப் போனார்களோ, அது நிறைவேறிய வாரத்திலேயே அந்த மனிதர் ஸ்ட்ரெச்சரில் கிடப்பார். மாலை போட்டவர்கள் மட்டுமில்லை. தர்காவிலோ மாதா கோயிலிலோ கயிறு கட்டிக்கொண்டு வந்தவர்கள், மகள் கல்யாணத்துக்காக நிறுத்தியவர்கள், மஞ்சள் காமாலைக்குப் பயந்து நிறுத்தியவர்கள் என்று வருஷம் முழுக்க வந்துகொண்டேதான் இருப்பார்கள்.

நான் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பணிக்காலத்தில் பெரும்பகுதி பொது மருத்துவ வார்டிலும் எலும்பு முறிவு வார்டிலும் கழிந்தது. மதுக்கடை வேண்டுமா, வேண்டாமா என்று வாதாட இந்த மடலை எழுதவில்லை. அதைப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். தினமும் குடித்துவந்த ஒருவர் நிறுத்தும்போது அவருக்கு முதல் ஐந்து நாள் மருத்துவம் தேவைப்படுகிறது. அது அவருடைய ஊருக்குப் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

உங்களில் பலர் மருத்துவர்கள். ஆனாலும் இந்த மடலைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்காக, மூளைக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இது புரியாத வரைக்கும் அந்த மூன்றாம் நாள் யாருக்கும் புரியாது.

நம் நரம்பணுக்கள் ரசாயனங்களை அனுப்பித்தான் ஒன்றோடொன்று பேசுகின்றன. குளூட்டமேட் என்ற ரசாயனம் அடுத்த அணுவைத் தூண்டும். காபா என்பது அதை அமைதிப்படுத்தும். மது உள்ளே போனதும் காபாவின் வேலையைக் கூட்டி, குளூட்டமேட் போய் ஒட்டும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளை மந்தமாக்குகிறது. அடக்கும் பக்கம் கூடுகிறது, தூண்டும் பக்கம் குறைகிறது. முன்மூளையில் இது நடக்கும்போது கூச்சமும் நிதானமும் போய்விடுகின்றன. வாய்விட்டுப் பேசாதவர் மேசை மேல் ஏறிப் பேசுவார், பொறுத்துப் போகிறவர் கையை ஓங்குவார். சிறுமூளைக்கு வரும்போது நடை தள்ளாடும், பேச்சு குழறும். நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதி மந்தமானால், நடந்தது எதுவுமே பதிவாகாது. "நேத்து ராத்திரி நான் அப்படியா பேசினேன்?" என்று காலையில் கேட்கிறவரை நடிக்கிறார் என்று வீட்டில் நினைப்பார்கள். பல சமயம் அது நடிப்பில்லை. இருக்கிற நினைவு அழிந்துபோவது வேறு. அந்த ராத்திரி அவருக்குள் எழுதப்படவே இல்லை. அதற்காக அவர் அடித்த அடி இல்லையென்று ஆகிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதற்கு நடுவே டோபமைன் என்ற இன்னொரு ரசாயனம், "இது நல்லா இருக்கு, மறுபடி வேணும்" என்று மூளைக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டே இருக்கும். நாள் போகப்போக, பார் இருக்கும் தெரு, சாயங்கால நேரம், கூடக் குடிக்கும் நண்பரின் குரல் இவையே அந்த வேட்கையைக் கிளப்பிவிடப் போதும். மனஉறுதி இல்லாதவன் என்று திட்டுகிறோமே, அவரோடு மல்லுக்கு நிற்பது அவருடைய மூளையே கற்றுக்கொண்ட பாடம்.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தினமும் மது வந்து அமுக்கிக்கொண்டிருந்தால் மூளை சும்மா இருக்காது. அதற்கு ஈடுகொடுக்கத் தன்னை மாற்றிக்கொள்ளும். காபா ஏற்பிகள் முன்னைப் போல வேலை செய்யாது, குளூட்டமேட் ஏற்பிகள் கூடும். ஒரு கட்டிங்கில் வந்த போதைக்கு இப்போது இரண்டு குவார்ட்டர் தேவைப்படுவது அதனால்தான். பொங்கலுக்குக் கயிறு இழுக்கும் போட்டி பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் முழு பலத்தோடு இழுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு பக்கத்தார் சட்டென்று கயிற்றை விட்டுவிட்டால், எதிர்ப்பக்கத்தார் அத்தனை பேரும் மல்லாக்க விழுவார்கள். மதுவை ஒரே நாளில் நிறுத்தும்போது மூளைக்கு நடப்பது அதுதான். எதிர்த்து இழுக்க ஆளில்லாமல், தூண்டும் பக்கம் முழு வேகத்தில் ஓடுகிறது.

கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்தே கை நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு ஆரம்பித்துவிடும். காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் டீ கிளாஸைப் பிடிக்க முடியும் என்கிறவர்களுக்குத் தினமும் நடப்பது இதன் சின்ன வடிவம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அப்புறம் இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் என்ற நிலை வரும். காய்ச்சலும் வேகமான நாடித்துடிப்பும் இருக்கும், எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாது, இல்லாத பூச்சியும் பாம்பும் கண்ணில் படும். நிறுத்துகிறவர்களில் நூற்றுக்கு 3 முதல் 5 பேருக்கு இது வருவதாகக் கணக்கு. மருந்தில்லாத காலத்தில் வந்தவர்களில் மூன்றில் ஒருவர்வரை இறந்திருக்கிறார்கள். சரியான மருத்துவம் கிடைத்தால் இன்று நூற்றுக்கு 5 பேருக்கும் குறைவாகத்தான் இறப்பு. மருந்து ஏற்கெனவே இருக்கிறது என்பதால்தான் இந்த வித்தியாசத்தை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று தாமஸ் சட்டன் என்ற ஆங்கில மருத்துவர் பெயர் வைத்தது 1813-ல். ஆனால் இது அதிகம் குடித்ததால் வருகிறதா, நிறுத்தியதால் வருகிறதா என்ற சந்தேகம் நூறு வருஷத்துக்கு மேல் தீரவில்லை. அமெரிக்காவின் கென்டக்கியில் உள்ள லெக்சிங்டனில், ஹாரிஸ் இஸ்பெல் என்பவரின் குழு சிலருக்கு வாரக்கணக்கில் தொடர்ந்து மது கொடுத்து, நல்ல சாப்பாடும் வைட்டமினும் கொடுத்து, அப்புறம் சட்டென்று நிறுத்திப் பார்த்தது. வலிப்பும் சித்தக் குழப்பமும் வந்தன. சத்துக் குறைவால் வருவதில்லை, நிறுத்துவதால்தான் வருகிறது என்று 1955-ல் அச்சில் வந்தது. அந்தச் சோதனைக்கு ஆளானவர்கள் போதைப்பழக்கத்திலிருந்து வந்த கைதிகள். இன்றைக்கு அப்படி ஒரு சோதனையை யாரும் அனுமதிக்க மாட்டார்கள், அனுமதிக்கவும் கூடாது. அவர்கள் பட்ட கஷ்டத்தில் கிடைத்த அறிவு அது. எழுபது வருஷம் ஆகியும் அது நம் ஊர் எலும்பு முறிவு வார்டு வரைக்கும் வந்து சேரவில்லை.

அந்த வார்டில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். பனைமரத்திலிருந்தோ பைக்கிலிருந்தோ விழுந்து தொடை எலும்பு முறிந்து ஒருவர் வருவார். கேஸ் ஷீட்டில் சர்க்கரை, ரத்த அழுத்தம், ஒவ்வாமை எல்லாம் எழுதுவார்கள். குடிப்பீர்களா என்ற கேள்விக்குப் பக்கத்தில் நிற்கும் மாமனாரைப் பார்த்துவிட்டு "எப்பவாச்சும்" என்பார். அத்தோடு அந்தக் கேள்வி முடிந்தது. இரண்டு நாள் அமைதியாக இருப்பார், தூக்கம் மட்டும் வராது. மூன்றாம் ராத்திரி, போர்வையிலிருந்து எதையோ பொறுக்கி எறிவார், முறிந்த காலோடு எழுந்து நடக்கப் பார்ப்பார், பெற்ற மகளையே யாரென்று கேட்பார். பேய் பிடித்துவிட்டது என்று திருநீறு கொண்டுவரப் போவார்கள். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் அலறுவார்கள். ராத்திரி பணியில் ஒரே ஒரு செவிலியரும் ஓர் உதவியாளரும் இருப்பார்கள். கடைசியில் காஸ் துணியால் கையையும் காலையும் கட்டிலோடு கட்டிவிட்டு, சித்தக் குழப்பத்துக்குப் போடும் ஹாலோபெரிடால் ஊசி ஒன்று போடச் சொல்லி போனில் உத்தரவு வரும். அந்த மருந்து மட்டும் தனியாகப் போனால் வலிப்பு வரும் அபாயம் கூடும். உடனே வேண்டியது டயசிபாம், லோராசிபாம், குளோர்டையசிபாக்சைடு வகையில் ஒன்று. மது எந்தக் காபா ஏற்பியில் வேலை செய்ததோ, அதே ஏற்பியில் இவை பாதுகாப்பாக வேலை செய்து, மூளை மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு இறங்கிவர உதவும். ஐந்திலிருந்து ஏழு நாளுக்குள் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடலாம். 1960-களிலிருந்து கையில் இருக்கும் மருந்து இது, விலையும் குறைவு.

கட்டிப் போட்டவர்களை நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். காலையில் மருத்துவர் வந்து சரியான மருந்து எழுதியதும் மத்தியானம் பிழைத்து எழுந்தவர்களும் உண்டு. காலை வரைக்கும் தாங்காதவர்களும் உண்டு. அவர்களின் இறப்புக் காரணத்தில் குடியை நிறுத்தியது என்ற வரியே இருக்காது. இதயம் நின்றது என்றோ வலிப்பு என்றோ எழுதியிருக்கும். அதனால் எந்தக் கணக்கிலும் இவர்கள் இல்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது மாநிலமே ஓடிப்போய் நின்றது. நிற்க வேண்டியதுதான். ஆனால் அனுமதி பெற்ற கடையில் வாங்கிக் குடித்து, அதை நிறுத்த முயன்று, தனித்தனியாக, தனித்தனி ஊரில் இறப்பவர்களுக்காக ஒரு சுற்றறிக்கைகூட வந்து நான் பார்த்ததில்லை.

2020-ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் கடைசி வாரத்தில் ஊரடங்கு வந்தது, டாஸ்மாக் ஒரே நாளில் மூடியது. லட்சக்கணக்கான மூளைகளில் அந்தக் கயிறு ஒரே சமயத்தில் விடப்பட்டது. பெங்களூரில் மருத்துவமனைப் பதிவுகளைப் பார்த்த மருத்துவர்கள், வலிப்போடும் குழப்பத்தோடும் வந்தவர்களின் தினசரி எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிப்பானதாக எழுதினார்கள். புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில் ஷேவிங் லோஷனைக் குளிர்பானத்தில் கலந்து குடித்து மூன்று பேர் இறந்தார்கள். கேரளத்தில் தற்கொலைகள் நடந்தன. அந்த அரசு மார்ச் 30 அன்று, மருத்துவர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று ஆணையிட்டது. மருத்துவர் சங்கம் எதிர்த்தது, உயர் நீதிமன்றம் ஏப்ரல் 2 அன்று நிறுத்திவைத்தது. நீதிமன்றம் சொன்னது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். மருந்து இருக்கும்போது மதுவை மருந்தாக எழுதித் தருவது முறையில்லை. ஆனால் அந்த மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் தயாராக இருந்திருந்தால், அப்படி ஓர் ஆணைக்கே வேலை இருந்திருக்காது. நம் மாநிலம் மே மாதம் கடையைத் திறந்தது, பிரச்சினை கண்ணிலிருந்து மறைந்தது, பாடமும் அத்தோடு போயிற்று.

இன்னொரு மருந்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தயமின், அதாவது வைட்டமின் பி1. சோற்றைத் தள்ளிவிட்டுக் குடிக்கிறவரின் உடம்பில் இது வற்றிப்போயிருக்கும். குடலும் அதைச் சரியாக உறிஞ்சாது. மூளை குளுக்கோஸை எரிக்க தயமின் வேண்டும். இது போதாதபோது கண் அசைவு கெட்டு, நடை தடுமாறி, புத்தி குழம்பும் நிலையைக் கார்ல் வெர்னிக்கே 1881-ல் விவரித்தார். கவனிக்காமல் விட்டால், புது நினைவு எதுவுமே தங்காத நிலைக்குப் போய்விடும். ரஷ்ய மருத்துவர் கோர்சக்காஃப் பெயரில் அறியப்படும் அந்த நிலைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் முழுதாகத் திரும்பி வருவதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டால் சாப்பிட்ட தட்டை முன்னால் வைத்துக்கொண்டே இல்லை என்பார்கள். நாற்பது வயதில் அப்படி ஆன கணவரை, குழந்தையைப் போலக் கையைப் பிடித்துக் கூட்டிவரும் மனைவிகள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. சோர்ந்து வரும் குடிநோயாளிக்கு நாம் முதலில் செய்வது குளுக்கோஸ் டிரிப் போடுவது. தயமின் இல்லாமல் அதை ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்சத்தையும் அது தின்றுவிடும். டிரிப்புக்கு முன்போ அதோடு சேர்த்தோ தயமின் ஊசி போக வேண்டும். எவ்வளவு மலிவான மருந்து என்று உங்களுக்கே தெரியும்.

சரியான இடத்தில் வழி கிடைக்காததால் குடும்பங்கள் தவறான இடத்துக்குப் போகின்றன. "குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" என்று விளம்பரம் செய்து விற்கும் பொடியை வாங்கிக் குழம்பில் கலக்கிறார்கள். அந்தப் பொடியில், மதுவோடு சேர்ந்தால் உடம்புக்கு ஒவ்வாமல் போகச் செய்யும் டைசல்ஃபிராம் என்ற மருந்து இருந்து, அவர் அன்றைக்கும் குடித்துவிட்டால், ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அது நோயாளி தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் மேற்பார்வையில் எடுக்க வேண்டிய மருந்து. இல்லையென்றால் மறுவாழ்வு மையம் என்று பலகை வைத்த ஏதோ ஒரு வீட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். அங்கே மருத்துவரே இருக்க மாட்டார், நடுக்கத்துக்கு அடிதான் மருந்து. எனக்குத் தெரிந்த ஒரு அம்மா தன் மகனை அப்படி ஓர் இடத்தில் விட்டு, நான்காம் நாள் உடலாகத்தான் திரும்ப வாங்கினார். நிறுத்தச் சொன்னது நான்தானே, நான்தானே என்று இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவருக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

ஒவ்வொரு முறையும் மருந்தில்லாமல் நிறுத்துவதும், திரும்பத் தொடங்குவதும், மறுபடி நிறுத்துவதுமாக இருந்தால், அடுத்தடுத்த தடவை விளைவு கடுமையாகிறது. போன வருஷம் மாலை போட்டு நடுக்கத்தோடு தப்பித்தவருக்கு இந்த வருஷம் வலிப்பு வரலாம். "போன தடவை ஒண்ணும் ஆகலையே சிஸ்டர்" என்பார்கள். அதை நம்பிவிடக் கூடாது.

மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியிட்ட தேசிய ஆய்வில், நாட்டில் மதுவுக்கு அடிமையானவர்கள் 2.9 கோடி என்று சொல்லப்பட்டது. அவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருந்தது, படுக்கையில் சேர்த்துச் சிகிச்சை கிடைத்தது 180 பேரில் ஒருவருக்கு. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மதுப்பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் தன் வரையறைக்குள் கொண்டுவந்து, அரசு நடத்தும் சேவையில் சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியிருக்கிறது. 2023-24-ல் மட்டும் மது விற்பனையிலிருந்து மாநிலத்துக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம் வந்தது. ஆகவே பணமில்லை என்ற பதில் இந்த ஒரு விஷயத்தில் எடுபடாது.

நான் கேட்பவற்றில் முதலாவதுக்குப் பணமே வேண்டாம். எந்தக் காரணத்துக்காகச் சேர்ந்தாலும், ஒவ்வொரு ஆண் நோயாளியிடமும், பெண்களிடமும்தான், "கடைசியாக எப்போது குடித்தீர்கள்? தினமும் எவ்வளவு?" என்று தனியாக, குற்றம் சாட்டும் குரல் இல்லாமல் கேட்டு, நேரத்தோடு கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். காலையில் கை நடுங்குமா, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இதற்கென்று ஒரு கட்டம் அச்சடித்துக் கொடுங்கள். கட்டம் இருந்தால் கேட்போம், இல்லாவிட்டால் வேலை நெருக்கடியில் விட்டுப்போகும். இது செவிலியர்களாகிய எங்கள் வழக்கம் தெரிந்து சொல்வது.

அடுத்தது, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தாலுகா மருத்துவமனைகளிலும் தயமின் ஊசியும், மேலே சொன்ன டயசிபாம் வகை மருந்துகளும் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். அவற்றை எப்படிக் கொடுப்பது, எப்படிக் குறைப்பது, ஈரல் கெட்டவருக்கு ஏன் லோராசிபாம் நல்லது, யாரை உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது என்று மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி தர வேண்டும். இந்த மாத்திரைகளே பழக்கமாகிவிடும் என்ற பயம் பல மருத்துவர்களுக்கு இருக்கிறது, நியாயமான பயம். அதனால்தான் ஒரு வாரத்துக்கு மட்டும், அன்றன்றைக்கு உள்ளதை அன்றன்றைக்குக் கொடுத்து, நாடித்துடிப்பும் நடுக்கமும் பார்த்து அனுப்பும் முறையைக் கேட்கிறேன். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் போனில் வழிகாட்டினாலே பாதிக் கவலை போய்விடும். நிறுத்திய பிறகு அந்த நிலையிலேயே இருக்க நால்ட்ரெக்ஸோன் போன்ற மருந்தும், ஆலோசனையும், குடிநோயாளர் கூட்டங்களும் உதவும். அவற்றுக்கு வழி சொல்லி அனுப்புவதும் அந்தச் சிகிச்சை வாரத்திலேயே நடக்க வேண்டும்.

காவல் நிலையத்தையும் கிளைச் சிறையையும் மறந்துவிடாதீர்கள். குடித்துவிட்டுத் தகராறு செய்ததாகப் பிடித்துவந்தவர் இரண்டாம் நாள் உளறி, எழுந்து ஓடினால், அதைத் திமிர் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அங்கே அடி விழுந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. காவலில் எடுத்தவுடன் செய்யும் மருத்துவப் பரிசோதனையிலேயே இந்தக் கேள்வியைக் கேட்டு, ஆபத்து உள்ளவரை மருத்துவமனையில் வைக்கும்படி உள்துறையோடு பேசி ஓர் ஆணை வாங்குங்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகும் பெண்களுக்கு எந்த வீட்டில் யார் குடிக்கிறார் என்பது நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். "நிறுத்தணும்னா முதல்ல வந்து ஆஸ்பத்திரியில சொல்லிட்டு நிறுத்தச் சொல்லுங்கக்கா" என்ற ஒரு வாக்கியத்தை அவர்கள் கொண்டுபோகட்டும்.

மது பாட்டிலில் குடி கேடு என்ற எச்சரிக்கை போட்டிருக்கிறது. அதைப் படித்துத் திருந்தி ஒருவர் அன்றைக்கே நிறுத்தினால், அவரைக் காப்பாற்றும் வரி அந்த பாட்டிலில் இல்லை. மதுவிலக்குத் துறையோடு பேசி, "தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் வாருங்கள்" என்று ஒரு வரியையும், 104 என்ற மருத்துவ உதவி எண்ணையும், டெலி மனஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற எண்ணையும் சேர்க்கச் சொல்லுங்கள். கடை வாசல் பலகையிலும் அதை எழுதலாம். காலி பாட்டிலைத் திரும்ப வாங்கப் பத்து ரூபாய் திட்டத்தை நடத்த முடிகிற அரசுக்கு இது கடினமான வேலை இல்லை.

இவையெல்லாம் ஒரே சமயத்தில் நடக்காது என்று எனக்குத் தெரியும். கேஸ் ஷீட் கேள்வியும் தயமினும் பற்றிய சுற்றறிக்கை மட்டுமாவது இந்த ஐப்பசிக்குள் எல்லா மருத்துவமனைக்கும் போய்ச் சேர வேண்டும். அதைத் தயாரிக்க வார்டு அனுபவம் உள்ளவர்கள் வேண்டுமென்றால், ஓய்வு பெற்ற செவிலியர்கள் நாங்கள் பலர் சம்பளமில்லாமல் வந்து உட்காரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர்